தலைவலி நோட்டு

— எந்தப் பக்கம் வலிக்குது?

— இடது பக்கம் டாக்டர்.

— போன மாசம் வலது பக்கம்னு சொன்னீங்க.

— அது மாறி மாறி வரும் டாக்டர். பொய் சொல்வானேன். ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம்.

— இப்ப வலி இருக்கா?

— காலையில இருந்து இருக்கு.

— எப்படி இருக்கு?

— கண்ணுக்குப் பின்னாடி ஆணி அடிக்கிற மாதிரி. வெளிச்சம் பார்க்க முடியாது. சத்தம் ஆகவே ஆகாது.

— ஜன்னலுக்கு நேரா உக்காந்திருக்கீங்க. வெயில் மூஞ்சியிலயே அடிக்குது.

— ஆமால்ல.

— நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லவா?

— வேணாம் டாக்டர், இதமாத்தான் இருக்கு. அதாவது, பரவால்ல. தாங்கிக்கிறேன்.

— வாந்தி?

— ரெண்டு தடவை.

— காலையில சாப்பிட்டீங்களா?

— வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் கிளம்பினேன். வாந்தி அதுக்கு முன்னாடி.

— கையை நீட்டுங்க. நாடி பார்க்கணும். ஒரு நிமிஷம் பேசாதீங்க.

— சரி டாக்டர்.

— பேசாதீங்கன்னேன். ம். தொண்ணூத்தி ரெண்டு.

— அது நல்லதா?

— தினமும் படுக்கும்போது போடச் சொல்லி ஒரு சின்ன மாத்திரை குடுத்தேனே. தலைவலி வராம தடுக்கிறதுக்கு. போடுறீங்களா?

— ஒரு நாள் விடல.

— அது நாடியைக் கொஞ்சம் இறக்கும். ஒழுங்கா போட்டிருந்தா இந்நேரம் எழுபதுக்கு வந்திருக்கணும். போன மாசம் தொண்ணூறு. இந்த மாசம் தொண்ணூத்தி ரெண்டு.

— மாடிப்படி ஏறி வந்தேன் டாக்டர், அதான்.

— நாம உக்காந்திருக்கிறது தரைத்தளம்மா.

— பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

— நோட்டு கொண்டு வந்தீங்களா?

— இதோ. நீங்க சொன்ன மாதிரியே. தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது, எத்தனை மாத்திரை, எப்ப நின்னது. எல்லாம் எழுதியிருக்கு.

— யார் எழுதினது?

— நான்தான். வேற யாரு?

— ஒண்ணொண்ணாப் பார்ப்போம். மூணாந்தேதி ஒண்ணு. நாலாந்தேதி ரெண்டு. அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்பது... ஒரே மாசத்துல பத்தொம்பது நாள் வலி மாத்திரை போட்டிருக்கீங்க.

— வலிச்சா போடுறதுக்குத்தானே குடுத்தீங்க?

— வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல கூடாதுன்னு சீட்டுல அடிக்கோடு போட்டு எழுதினேன். ஆரம்பிச்சதும் ஒண்ணு. நின்னு திரும்ப வந்தா, ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. அதுக்கு மேல அன்னிக்குக் கிடையாது. இவ்வளவு மாத்திரை எங்க கிடைச்சுது?

— மருந்துக்கடையில பழக்கம். பழைய சீட்டைக் காட்டினாலே குடுத்துடுவாங்க.

— கூட வேற ஏதாவது?

— சும்மா, கடையில விக்கிற வெள்ளை மாத்திரை. அதெல்லாம் மருந்தா?

— அதுவும் மருந்துதான். கேளுங்க. அளவை மீறினா இந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டு வரும். போட்டா நிக்கும். மறுநாள் மாத்திரை கேட்டு மறுபடி வரும். இப்ப உங்களுக்கு இருக்கிற வலியில பாதி நோய், பாதி மருந்து.

— அப்ப நிறுத்திட்டா சரியாப் போயிடுமா?

— நிறுத்தினா முதல்ல அதிகமாகும். பத்து நாள், பதினஞ்சு நாள். எந்திரிச்சு நடமாட முடியாது. லீவு போட்டுட்டு என் பார்வையில இருக்கணும்.

— பதினஞ்சு நாளா? விட மாட்டாங்க டாக்டர்.

— தையல் கடையில லீவு கிடையாதா?

— எனக்குக் குடுப்பாங்க. எனக்குன்னா... இப்ப திரைச்சீலைக்கு நல்ல சீசன். எல்லாரும் புது வீடு போறாங்க.

— பதினொண்ணாந்தேதிக்கு என்ன எழுதியிருக்கீங்க, படிங்க.

— கண்ணு கூசுது டாக்டர். நீங்களே படிங்க.

— 'காத்து ஐம்பது. வேலை நிறுத்தம். இறங்கிட்டேன். தலைவலி இல்ல.' காத்தடிச்சா தையல் கடையில வேலையை நிறுத்துவாங்களா?

— ஜன்னல் ஓரம் மெஷின். துணி பறக்கும்.

— இறங்கிட்டேன்னு இருக்கே. எதுல இருந்து?

— நான் அந்த நோட்டைத் திறந்தே பார்க்கல டாக்டர். அவர் குடுத்தார், பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

— அவர்னா?

— வீட்டுக்காரர்.

— தலைவலி யாருக்கு?

— அவருக்குத்தான்.

— ஏழு மாசமா?

— ஏழு மாசமா. பொய் சொல்வானேன்.

— இவ்வளவு நேரம் வேற என்ன சொன்னீங்க?

— திட்டுங்க டாக்டர். நல்லாத் திட்டுங்க. ஆனா சீட்டு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க.

— அவர் ஏன் வரல?

— கிரேன் ஓட்டுறார். கட்டடம் கட்டுற இடத்துல உயரமா நிக்குமே, அது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கம்பெனி டாக்டர் பார்த்துத் தகுதிச் சீட்டு குடுக்கணும். அவர் பேர்ல தலைவலின்னு எங்கயாவது பதிஞ்சா, கம்பெனி மருத்துவ அட்டை வழியா அங்க தெரிஞ்சிடும். இறக்கிடுவாங்க. இறக்கினவங்க யாரும் திரும்ப ஏறினதில்ல. கேட்ல உக்கார வச்சு லாரி நம்பர் எழுதச் சொல்லுவாங்க.

— அதுவும் ஒரு வேலைதானே.

— நானும் அதைத்தான் சொன்னேன். 'மேல இருந்தா நான் ஒரு ஆளு, கீழ வந்தா நானும் ஒரு கேட்டு'ன்னார். இருபத்திரண்டு வருஷம் டாக்டர். தரையில நடந்தாலே அவருக்குக் கால் கூசும்.

— நான் கேட்டதுக்கெல்லாம் டாண் டாண்னு பதில் சொன்னீங்களே.

— முந்தின நாள் உக்கார வச்சுச் சொல்லிக்குடுப்பார். நீங்க கேக்கிற மாதிரியே கேப்பார். நான் சொல்லணும். இன்னிக்குப் பக்கத்தை மட்டும் கோட்டை விட்டுட்டேன்.

— போன தடவை கண்ணு மறைக்குதுன்னீங்களே, அது?

— அவருக்குத்தான். முதல்ல பல்லுப் பல்லா மின்னுமாம். அப்புறம் ஒரு பக்கம் அழிஞ்சே போயிடுமாம். இருபது நிமிஷம், அரை மணி.

— அந்த அரை மணி கிரேனை யார் ஓட்டுறது?

— அவர்தான். கீழ சிக்னல் குடுக்கிறவர் வாக்கி டாக்கியில சொல்லுவார், இடது, வலது, இறக்குன்னு. அதைக் காதால கேட்டே ஓட்டிடுவாராம்.

— கீழ ஆளுங்க நடமாட மாட்டாங்களா?

— நடமாடுவாங்க.

— நீங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்தீங்க.

— தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்றீங்க? லீவு நாள்ல வந்து பாருங்க எங்க வீட்டை. ஜன்னலுக்கு ரெண்டு மடிப்பு கறுப்புத் துணி, நானே தைச்சது. குழாயைக்கூட மெல்லத்தான் திறப்பேன். அவர் சுவத்துல நெத்தியை அழுத்திக்கிட்டு நிப்பார். அந்த இடத்துல சுண்ணாம்பு கறுத்துப் போச்சு. திங்கட்கிழமை குளிச்சுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஏறப் போயிடுவார். நான் யார்கிட்டயாவது சொல்லி இறக்கி விட்டா, அப்புறம் என் மூஞ்சியில முழிப்பாரா?

— மூணு மாசம் முன்னாடி ஸ்கேன் எடுத்தோம்.

— ஆமா. சுத்தமா இருக்கு, பயப்பட ஒண்ணுமில்லன்னீங்க. அவர்கிட்ட சொன்னதும் எவ்வளவு சந்தோஷம்! கேக் வாங்கிட்டு வந்தார்.

— அது உங்க தலைம்மா.

— தெரியும் டாக்டர். இருந்தாலும் அன்னிக்கு ரெண்டு பேரும் நல்லாத் தூங்கினோம்.

— தினமும் போடுற மாத்திரை என்னாச்சு?

— போட்டா தலை சுத்துது, ஏணியில கை நழுவுதுன்னார். நாலே நாள். அப்புறம் குப்பையில போட்டோம்.

— அதை வந்து சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேன். வேற மருந்து பார்த்திருப்பேன். தடுக்கிறதைக் குப்பையில போட்டுட்டு, கெடுக்கிறதைக் கூட்டியிருக்கீங்க. நானும் ஏழு மாசமா உங்க பிரஷரைப் பார்த்து, உங்க ஈசிஜியைப் பார்த்து, முகம் தெரியாத ஆளுக்கு மாத்திரை குடுத்திருக்கேன்.

— அவருக்கு பிரஷரெல்லாம் கிடையாது.

— யார் பார்த்தா?

— யாரும் பார்க்கல. இருந்தா தெரியாதா?

— தெரியாது. இந்த வலி மாத்திரை ரத்தக்குழாயைச் சுருக்கும். தலையோட நிறுத்திக்கணும்னு அதுக்குத் தெரியாது. நெஞ்சுலயும் சுருக்கும். பிரஷர் கட்டுக்குள்ள இல்லாதவங்க, நெஞ்சுல அடைப்பு இருக்கிறவங்க தொடவே கூடாது. உயிருக்கே உலை வச்சிடும். ஒருத்தர் சீட்டுல இன்னொருத்தர் போடக்கூடாதுன்னு நாங்க கத்துறது வீம்புக்கு இல்ல.

— ஒரே ஒரு அட்டை மாத்திரை எழுதுங்க டாக்டர். இந்த வாரம் மட்டும்.

— மாட்டேன்.

— கால்ல விழுறேன்.

— எந்திரிங்க. மாட்டேன்.

— அப்ப வேற டாக்டர்கிட்ட போறேன்.

— போங்க. அங்கயும் இடதா வலதான்னுதான் கேப்பாங்க.

— ரொம்பக் கல் மனசு உங்களுக்கு.

— அவரைக் கூட்டிட்டு வாங்க. கம்பெனி அட்டை வேணாம். தனியாப் பார்க்கிறேன்.

— வர மாட்டார்.

— ஃபோன் போடுங்க. நான் பேசுறேன்.

— இப்பவா? இப்ப சாப்பாட்டு நேரம். மேலேயே டப்பாவைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருப்பார். இறங்கி ஏறினா நேரம் போயிடும்னு.

— நல்லதாப் போச்சு. போடுங்க.

— டாக்டர், கோபமாப் பேசாதீங்க. ரிங் போகுது.

— என்ன தையல்காரி, பாஸா ஃபெயிலா?

— என்னங்க, ஸ்பீக்கர்ல இருக்கீங்க.

— யார் கேக்குறாங்க?

— நான்தான். ஏழு மாசமா உங்க டாக்டர்.

— ஐயய்யோ. வணக்கம் டாக்டரம்மா. மாட்டிக்கிட்டாளா? நோட்டா?

— நோட்டுதான். காத்து ஐம்பது.

— கை பழக்கம் டாக்டரம்மா. இங்க எதை எழுதினாலும் முதல்ல காத்து வேகத்தை எழுதணும். அவளைத் திட்டாதீங்க. நான் சொல்லித்தான் செஞ்சா.

— நீங்க ஒண்ணும் எனக்குப் பரிஞ்சு பேச வேணாம். டாக்டர் சொல்றதைக் கேளுங்க.

— இப்ப வலி இருக்கா?

— இருக்கு. அதெல்லாம் பழகிடுச்சு.

— கண்ணு?

— இப்ப தெளிவாத்தான் இருக்கு. மொத்த ஊரும் தெரியுது.

— இன்னிக்கு எத்தனை மாத்திரை போட்டீங்க?

— ஒண்ணுகூட இல்ல. தீர்ந்து போச்சு. அதுக்குத்தான் அவளை அனுப்பினேன்.

— நான் எழுதல. இனிமே எழுதவும் மாட்டேன். வயிறு சரியில்லன்னு சொல்லிட்டு இறங்குங்க. நேரா இங்க வாங்க. முதல் ரெண்டு வாரம் ரொம்பக் கஷ்டமா இருக்கும், நான் கூட இருப்பேன்.

— ரெண்டு வாரம் கழிச்சு சரியாயிடுமா?

— குறையலாம். சத்தியம் பண்ண மாட்டேன்.

— குறைஞ்சா ஏறலாமா?

— கண்ணு மறைக்கிறது நிக்கிற வரைக்கும் ஏறக்கூடாது.

— அப்ப கேட்டுதான்.

— கேட்டுதான்.

— கொஞ்சம் சுத்தி வளைச்சுச் சொல்லியிருக்கலாம் டாக்டரம்மா.

— என்னங்க, இறங்கிடுங்க. எனக்காக. நான் உங்களுக்காக ஏழு மாசம் தலைவலின்னு நடிச்சேன். நீங்க ஒரு நாள் வயித்து வலின்னு நடிக்க மாட்டீங்களா?

— அழாத. இறங்குறேன்.

— நிஜமாவா?

— நிஜமாத்தான். மாத்திரை இல்லாம சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டேன், அது எனக்கே தெரியும். டப்பாவை மூடிட்டு வர்றேன்.

— ஒரு நிமிஷம். ஏணியில கால் வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லுங்க. மாத்திரை போட்டதும் நெஞ்சு இறுகுறது, மூச்சு முட்டுறது, அப்படி எப்பவாவது?

— எனக்கா? ஒரு தடவைகூட இல்ல. அந்தத் தொல்லையெல்லாம் ரெண்டாவது கிரேன் ஓட்டுற அண்ணனுக்குத்தான்.

— அவருக்கு என்ன?

— ரெண்டு வருஷம் முன்னாடி நெஞ்சுல அடைப்புன்னு ஸ்டென்ட் வச்சாங்க. சொந்தக்காரங்க கல்யாணம்னு லீவு போட்டுட்டுப் போய் வச்சுக்கிட்டார். கம்பெனிக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க டாக்டரம்மா, பாவம்.

— நீங்க மாத்திரை தீர்ந்து போச்சுன்னீங்க. ஆனா இன்னிக்கு நீங்க போடல.

— காலையில கட்டடத்து லிஃப்ட்ல வரும்போது அவருக்குக் குடுத்துட்டேன். ரெண்டுதான் மிச்சம் இருந்துச்சு. இடது தோள்ல இருந்து கழுத்து வரைக்கும் இழுக்குதுன்னார். எனக்கும் தலைவலிக்கு முன்னாடி கழுத்துதான் இழுக்கும். ஆரம்பத்துலயே போட்டாத்தான் கேக்கும்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க. ரெண்டையும் ஒண்ணாப் போடச் சொன்னேன்.

— அவர் இப்ப எங்க? கீழ இருக்கிறவங்களைக் கூப்பிடுங்க. யாரையாவது உடனே அவர்கிட்ட அனுப்புங்க!

— எதுக்கு டாக்டரம்மா பதறுறீங்க? அவர் கிரேன் எனக்கு நேர் எதிர்லதானே நிக்குது. கண்ணாடியில தலையைச் சாய்ச்சுக்கிட்டு, வாக்கியில நாலு தடவை கூப்பிட்டும் அசையாமத் தூங்குறார். உங்க மாத்திரை அவருக்கு நல்லாக் கேட்டிருக்கு.