சக்தியின் நம்பர் அட்டை

ஏழைக் குழந்தைகளின் இதய சிகிச்சைக்கு நிதி திரட்டிய சைக்கிள் பயணம் போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் முடிந்தது. மைதானத்தில் மோருக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் ஒரே அணிச் சட்டை போட்ட இரண்டு இளைஞர்கள்.

“சக்தி இன்னும் வழில படப்பைலதான் கீறான் மச்சான். ஆனா லிஸ்ட்ல வந்து சேந்துட்டான்,” என்றான் குட்டையானவன்.

“மெதுவா பேசுடா. அவன் நம்பர் அட்டைய நான்தானே எடுத்துகினு வந்தேன்? அதுல சிப் கீது, கோட்டைத் தாண்டுனா பேரு தானா லிஸ்ட்ல ஏறிடும். ஆறு பேரும் கோட்டைத் தாண்டுனாத்தான் டீமுக்கு கப்பு. நீயும்தானே சரின்னே?”

“பின்னாடி வேன் வரும், ஏத்திக்கும்னு நெனச்சேன். வேன்காரன் லிஸ்ட்டைப் பாத்துட்டு, எல்லாரும் வந்தாச்சுன்னு திரும்பிட்டான். சக்தி முட்டி வீங்கி ரோட்டோரம் உக்காந்துகினு கீறான்.”

“இப்ப சொன்னா கப்பும் போச்சு, மானமும் போச்சு.”

“திரும்ப அவன்தான்டா போன் பண்றான். இன்னா சொல்றது?”

“எடுக்காதே. கப்பை வாங்கிகினு ஆட்டோ புடிச்சுப் போலாம். அதுக்குள்ள செத்தா பூடுவான்?”

“இந்த வெயில்ல நீ உக்காந்து பாரு,” என்றான் குட்டையானவன். ஆனாலும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அமைப்பாளர்களின் மேசை பத்தடி தூரத்தில் இருந்தது. நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேன் திரும்பிப் போயிருக்கும். ஊர் வம்பு நமக்கெதற்கு என்று மோரைக் குடித்தேன். அவர்கள் மேடையேறிக் கோப்பையை வாங்கியபோது, எல்லாரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன்.