மூன்றாவது பெட்டி

பேஸ் கிட்டாருக்கு ப்ரீஆம்ப் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதுவும் வாசிக்காமல் கேட்க வேண்டும். கிட்டாரை மாட்டி, கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, ஸ்பீக்கரில் என்ன வருகிறது என்று கவனிக்க வேண்டும். அந்த இரைச்சல்தான் பெட்டியின் குணம். பெரும்பாலானவர்கள் பொறுமையில்லாமல் உடனே வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, எனக்குப் பேச வராது. நேற்று இந்த ஸ்டேஷனுக்கு வந்து, நீங்கள் கேட்டபோதும் நின்றுகொண்டுதான் இருந்தேன். அதனால் ஏட்டு நல்லகாமனிடம் தாள் வாங்கி எழுதுகிறேன். ப்ரீஆம்ப் என்றால் என்னவென்று அவர் கேட்டார். கிட்டாரிலிருந்து வரும் மெலிந்த ஒலியை, பெரிய ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முன் தூக்கிக் கொடுக்கும் சிறிய பெட்டி. அவ்வளவுதான்.

என் பெயர் இந்துப்ரியா. வயது இருபத்து மூன்று. பி.எஸ்ஸி. இயற்பியல், 1997. இரண்டு வருடமாகக் கோரிப்பாளையத்தில் சுலைமான் பாயின் ஆடியோ கடையில் வேலை பார்க்கிறேன். பழுது பார்ப்பது பாய். புதிதாகச் செய்வது நான். இது கடைக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

இறந்துபோன கோகுல்நாத் எங்கள் சௌராஷ்டிரா ஆள்தான். இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார். நல்ல காது உள்ளவர் என்று பெயர். அவருக்குச் சுத்தமான டோன் வேண்டும். சென்னையிலிருந்து ஒரு பழைய வெளிநாட்டுப் பெட்டியை வாங்கி வந்து, இதைவிட நல்லது இருக்கிறதா என்று பாயிடம் கேட்டார்.

பாய் அவரைச் சுவர் பக்கம் திரும்பி நிற்க வைத்தார். வெளிநாட்டுப் பெட்டி, பாய் செய்தது, நான் செய்தது என்று மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டினார். கோகுல்நாத் வாசித்துப் பார்த்துவிட்டு, "மூணாவதுதான் பாய். கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

"அது பாப்பா செஞ்சது" என்றார் பாய். பெருமையாகத்தான் சொன்னார்.

கோகுல்நாத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி வாசித்தார். "லேசா இரையுதே பாய்."

"இப்பத்தானய்யா கண்ணாடின்ன?"

"அது அப்ப. இப்பக் கேளுங்க. பாப்பா வீட்டு மிக்ஸி மோட்டாரக் கழட்டி உள்ள வச்சிருச்சு போல."

பாயும் சிரித்தார். அதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அன்று மாலை பெட்டியை அளந்து பார்த்தேன். இரைச்சல் இல்லை.

இரண்டு நாள் கழித்து, அதே பெட்டியில் ஒரு திருகைக்கூடத் தொடாமல், மேலே 'சுலைமான் எலக்ட்ரானிக்ஸ்' என்று லேபிள் ஒட்டிக் கொடுத்தார் பாய். கோகுல்நாத் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். "இதான் டோனு. பாய் கை பாய் கைதான்" என்றார். அவர் போன பிறகு பாய் என்னிடம், "லேபிள் போட்டாத்தாம்மா போகுது. உனக்கென்ன, நாளைக்கே கல்யாணமாகிப் போற பிள்ளை" என்றார். அவர் மனதில் கெட்டது கிடையாது. நான் தலையாட்டினேன்.

அந்த மாதமே பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெட்டி உண்மையாகவே இரைந்தது. தப்பு பெட்டியில் இல்லை. மேடையில் ஒரு எர்த், பெட்டியில் ஒரு எர்த் என்று இரண்டு வழி இருந்தால் அப்படி இரையும். பெட்டியின் எர்த் வயரை வெட்டினால் நின்றுவிடும். குழுக்காரர்கள் பலர் அப்படிச் செய்கிறார்கள். கோகுல்நாத்தும் அதைத்தான் கேட்டார்.

"எர்த்து உசுரு மாப்ள. அதுல கை வைக்க மாட்டேன்" என்றார் பாய். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

பாய் தெரு முனை தாண்டியதும் கோகுல்நாத் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார். "பாய் வாரதுக்குள்ள வெட்டி விட்ரு பாப்பா. அவர்ட்ட சொல்லிக்கிறாத."

எர்த்தை வெட்டாமலே இரைச்சலை நிறுத்த வழி இருந்தது. ஒரு நாள் வேலை. அதை நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாயிடம் கேட்டுக்கொள்கிறேன் என்பார். எனவே வெட்டினேன். முனையை மடித்து டேப் சுற்றினேன். நீங்கள் அனுப்பிய நிபுணர், கைதேர்ந்த ஒருவர் செய்த வேலை என்று எழுதியிருக்கிறார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல் அவர் மறுபடி வந்தார். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்.

"கம்பியைத் தொட்டா சுள்ளுன்னு இழுக்குது பாப்பா. ஷூ போட்டிருந்தா இல்ல. என்னான்னு பாரு, டீ குடிச்சிட்டு வாரேன்."

திறந்து பார்த்தேன். ட்ரான்ஸ்ஃபார்மர் சூடாகி உள்ளே சுருளின் இன்சுலேஷன் உருகியிருந்தது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு பல்பின் ஒரு வயரைப் பெட்டியின் தகரத்திலும் மறு வயரை எர்த்திலும் வைக்க வேண்டும். வைத்தேன். பல்பு எரிந்தது. நாற்பது வாட் பல்பு. மங்கலாக அல்ல.

எர்த் வயர் இருந்திருந்தால் ஃப்யூஸ் போயிருக்கும். வேறொன்றும் ஆகியிருக்காது. இப்போது கரண்ட் தகரத்திலும் கிட்டார் கம்பியிலும் நின்று, போவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தது.

அவர் டீ குடித்துவிட்டு வந்தார். "ட்ரான்ஸ்ஃபார்மர்..." என்று ஆரம்பித்தேன். அதுவரை சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"உனக்கு அதெல்லாம் தெரியாது, விடு. பாய் எப்ப வருவாரு? அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"இன்னிக்கு எந்த ஊர்ண்ணே?" என்று கேட்டேன்.

"பரவைப் பக்கம். அம்மன் கோயில் மேடை. அஞ்சு மணிக்கு மைக் டெஸ்டிங். வேன் நிக்கிது."

கோயில் மேடை அம்மன் சன்னதியைப் பார்த்து இருக்கும். செருப்பு, ஷூ எதுவும் ஏறக்கூடாது. புழுதி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். அவர் கோரஸ் பாடும்போது உதடு மைக்கில் படும். மைக்குக்கு எர்த் உண்டு. இவ்வளவையும் நான் நினைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். நான் எதிலும் அவசரப்படுகிற ஆள் இல்லை.

"நீங்க டீக்குப் போனப்பவே பாய் வந்து பாத்துட்டுப் போயிட்டாருண்ணே" என்றேன். "ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லச் சொன்னாரு."

அவர் முகம் உடனே தெளிந்தது. "அப்பறம் என்ன? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன பாப்பா" என்று சிரித்தார். பெட்டியை மூடி, நான்கு திருகையும் முடுக்கி, துணியால் துடைத்து அவர் கையில் கொடுத்தேன்.

நான் சொன்னதை அவர் நம்பியது அந்த ஒரு தடவைதான்.

நாலாவது பாட்டில் கோரஸ் வந்தபோது நடந்தது என்று குழுவில் பாடும் வசுந்தரா சொன்னாள். அவர் மைக்கை விடவில்லை என்றாள். விடாமல் பாடுகிறார் என்று கூட்டம் கை தட்டியதாம். நான் அதைப் பார்க்கவில்லை. அன்று சீக்கிரமே சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

பெட்டியில் லேபிள் இருந்ததால் நீங்கள் பாயைக் கூட்டிப்போனீர்கள். ஆறு நாள் ஆகிறது. மூன்றாம் நாள் அவர் மனைவி அஜ்மல் பீவி எங்கள் வீட்டுக்கு வந்தார். "எர்த்துல கை வைக்கிற மனுசனா அவரு? நீ கூடவே இருந்த பிள்ள, ஒரு வார்த்த சொல்லேம்மா. அல்லா உன்ன நல்லா வைப்பான்" என்று என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மாவும் அழுதாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். அன்று நான் இங்கே வரவில்லை.

நேற்றைய பேப்பரைப் படித்த பிறகுதான் வந்தேன். 'இருபது ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக் சுலைமான் வடிவமைத்த கருவி' என்று போட்டிருந்தது. வெளிநாட்டுக் கருவிக்கு நிகரான தரம் என்று நிபுணர் வியந்ததாகவும் ஒரு வரி இருந்தது. அதை இரண்டு முறை படித்தேன். நிரபராதி ஒருவர் உள்ளே இருக்கும்போது எப்படிச் சும்மா இருப்பது என்று தோன்றியது. நேற்றே கோரிப்பாளையத்தில் பஸ் பிடித்து நேராக இங்கே வந்துவிட்டேன்.

ஏட்டு என்னை உட்காரச் சொல்லி, "பாய காப்பாத்தணும்னு நீயா எதுவும் பேசாதம்மா. இம்புட்டு விசயம் பொம்பளப் பிள்ளைக்கு எங்க தெரியப் போகுது? வீட்டுக்குப் போ" என்றார். அதனால்தான் சர்க்யூட்டையும் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். ஒவ்வொரு பாகத்துக்கும் மதிப்பு குறித்திருக்கிறேன். பாயை வரையச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு வராது.

பெட்டியைச் செய்தது நான். எர்த்தை வெட்டியது நான். பல்பு எரிந்ததைப் பார்த்துவிட்டுக் கொடுத்ததும் நான். கோகுல்நாத் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.

நாளைக்குப் பேப்பர்காரர்கள் வந்தால், கடையில் வேலை பார்த்த பெண் என்று போட வேண்டாம் எனச் சொல்லுங்கள். வடிவமைத்தவர் இந்துப்ரியா என்று போடட்டும். பாய் பெயர் எந்த இடத்திலும் வரக் கூடாது. பாவம், அவருக்காகத்தான் வந்தேன்.