பொன்நெற்றித் தேனுண்ணிக்கு வைத்த பேர்

ஹலோ... ஹலோ, மியூசியம் பறவைப் பிரிவு, கோரலி ஹாஸ்கெட் பேசறேன்... ஹலோ? கொஞ்சம் சத்தமா பேசுங்க, இங்க ஏசி இரையுது... ஓ.

ஓகோ. நீயா... தெரியுது, தெரியுது. அத்தனை வருஷம் உன் குறட்டையைக் கேட்டவளுக்கு உன் குரலா தெரியாம போகும்? சொல்லுங்க புரொபசர் வெண்டல் ட்ராஸ்க் ஐயா. விவாகரத்துப் பத்திரத்துல கையெழுத்து போட்டதுக்கப்புறம் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத மகராசனுக்கு இன்னிக்கு என்ன திடீர் ஞாபகம்?... நான் நல்லாத்தான் இருக்கேன்... உன் புதுப் பொண்டாட்டி ஜாஸ்லின் நல்லா இருக்காளா?... நல்லது. விஷயத்துக்கு வா.

என்னது?... எதை அனுப்பணும்?... மூலப் பறவையையா? தபால்லயா?! வெண்டல், உனக்கு மூளை கீளை கலங்கிடுச்சா? எந்தப் பறவையைக் காட்டி அந்தத் துணையினத்துக்குப் பேரு வச்சியோ, அந்த ஒரே ஒரு பறவை அது. உலகத்துக்கே அது ஒண்ணுதான் சாட்சி. சிவப்புச் சீட்டு கட்டின பறவை வாசப்படி தாண்டாதுன்னு காலேஜுல நேத்து சேர்ந்த பொடிசுக்குக்கூடத் தெரியும்... இல்ல... இல்ல. பார்க்கணும்னா கான்பெராவுல விமானம் ஏறி அடிலெய்டுக்கு வா. நானே இழுப்பறையைத் திறந்து காட்டறேன். பக்கத்துல நின்னு காட்டறேன்.

எதுக்காம்?... ம்... ம்... அதுதான் எனக்குத் தெரியுமே. வியாழக்கிழமை விசாரணை. மணல் தோண்டுற கம்பெனிக்காக நீ சாட்சி சொல்லப் போற... ஏன் தெரியாது? ஊரே சிரிக்குது. "விர்ராபெல் காட்டுல மட்டும் இருக்கற தேனுண்ணின்னு ஒரு தனித் துணையினம் கிடையவே கிடையாது, நான்தான் பேரு வச்சேன், நானே வாபஸ் வாங்கிக்கறேன்"னு எழுந்து நின்னு சொல்லப் போற. அந்தப் பேரு போச்சுன்னா காட்டைக் காப்பாத்தற காரணமும் போச்சு. மறுநாள் காலையில புல்டோசர் உள்ள போகும். சரிதானே?... அறிவியலுக்காகவா? அட அட அட! ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்.

சரி, கத்தாதே. என்னதான் கண்டுபிடிச்ச? சொல்லு, கேக்கறேன்... ஆமா... நெத்தியில இருந்த பொன் நிறம்... ம்... இறகோட நிறமே இல்ல... ம்ம்... பாங்க்சியா பூவுக்குள்ள தலையை விட்டுத் தேன் குடிச்சதுல ஒட்டின மகரந்தம்... அடேங்கப்பா! மகரந்தமா! நோலீன், நோலீன், இங்க வந்து கேளேன், புரொபசர் மகரந்தம் கண்டுபிடிச்சிருக்காராம்!

ஏன் சிரிக்கக் கூடாது? வெண்டல், விர்ராபெல் காட்டுல போட்ட கூடாரத்துல உன் எதிர்ல உக்காந்து அந்தப் பறவையோட தோலை உரிச்சுப் பஞ்சு அடைச்சது யாரு?... நான். நெத்தியை ஈரப் பஞ்சால ஒரு தடவை துடைச்சுப் பார்த்துடுவோம்னு சொன்னது யாரு?... ஞாபகம் இல்லையா? எப்படி இருக்கும்! நீ டின் பீச் பழத்தைக் கரண்டியால அள்ளி அள்ளித் தின்னுக்கிட்டே "பொன்நெற்றி, பொன்நெற்றி"ன்னு ஜெபம் பண்ணிட்டிருந்த. அதுக்குச் சித்த முன்னாடிதான் அதே பூவை மோந்து பார்த்துட்டு வந்த. உன் மூக்கு நுனியிலயும் அதே மஞ்சள்! "உன் மூக்கும் பொன்னா மின்னுதே, உனக்கும் ஒரு துணையினம் வச்சிடலாமா"ன்னு கேட்டேன். ஊர் வந்து சேர்ற வரைக்கும் நீ என்கூடப் பேசல.

ஆமா, மெல்போர்ன்காரன் எவனாவது முந்திடுவானோன்னு உனக்குப் பயம். துடைச்சுப் பார்க்க நேரமில்ல. அச்சுக்கு அனுப்பத்தான் நேரம். அதுவும் கல்யாணப் பரிசு மாதிரி என் பேரையே வச்ச. லத்தீன்ல 'கோரலியே', அதாவது கோரலியோடதுன்னு. விருந்துல எல்லாரும் கைதட்டினாங்க. நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன், கூறுகெட்டவ.

என்னது?... என்ன சொன்ன?... என் பேரு அழிஞ்சுடுமேன்னு எனக்கு வயித்தெரிச்சலா? அட போய்யா! அந்தப் பேரு ஒழிஞ்சா இந்த மாடி பூராவுக்கும் லாமிங்டன் கேக் வாங்கிக் கொடுக்கற முதல் ஆள் நான்தான்... ஏன்னா? உனக்கெங்க புரியப் போகுது.

கேளு. நீ சொன்னது உண்மைதான்... ஆமா, உண்மைன்னுதான் சொல்றேன். மூலப் பறவையை நான் தொடல. அதே நாள் பிடிச்ச ரெண்டாவது பறவை இருக்கு பாரு, அதோட நெத்தியைப் போன மாசம் துடைச்சேன். பஞ்சு மஞ்சளாச்சு, நெத்தி பழுப்பாச்சு. பொன்னும் இல்ல, பித்தளையும் இல்ல... இரு... இரு, துள்ளாதே. எழுதிக் கொடுக்கறேன், தாராளமா எழுதிக் கொடுக்கறேன். ஆனா முழுசா கேட்டுட்டு சந்தோஷப்படு.

அந்தப் பறவையோட அலகை நீ அளந்தியா?... அலகு, வெண்டல், அலகு! மூக்கு!... அளக்கல. நெத்தியைப் பார்த்து மயங்கினவன் மூக்குக்கு எங்க ஸ்கேல் வைக்கப் போறான். நான் வச்சேன். நீளம். மத்த காட்டுத் தேனுண்ணிகளோட வரிசையா படுக்க வச்சா குருடனுக்குக்கூட வித்தியாசம் தெரியும். அதோட விட்டேனா? மூலப் பறவையோட காலடித் தோல்ல கடுகளவு எடுத்து மரபணு பார்க்கக் கொடுத்தேன்... அனுமதி வாங்கித்தான்! எனக்கா சட்டம் சொல்ற? விர்ராபெல்ல இப்போ வலையில பிடிச்சு, ரத்தம் எடுத்துட்டுப் பறக்க விட்ட பறவைகளையும் சேர்த்துப் பார்த்தாங்க. அதுங்களும் மூலப் பறவையும் ஒரே கூட்டம். மத்த ஊரு பறவையெல்லாம் வேற... ஆமா... ஆமாங்கறேன். தனித் துணையினம்தான். நீ சொன்ன காரணம் பூராவும் தப்பு, சொன்ன முடிவு மட்டும் சரி. குருட்டுப் பூனை விட்டத்துல தாவின கதை.

ஹலோ?... என்ன காகிதம் புரட்டற சத்தம்? பேரு வைக்கற விதிப் புத்தகத்தையா புரட்டற?

என்ன?... புதுப் பேரா?... யாரு வைக்கணும், நானா? நீ எழுதின வர்ணனை தப்புங்கறதால பழைய பேரு செல்லாது, புதுசா ஒண்ணு வச்சுக்கலாம், அதானே? ஐயோ, வெண்டல்! கிளாஸ்ல பலகையில எழுதி எழுதி நீ நடத்தின பாடம்தானே இது? நீ எழுதின வார்த்தை மேலயா பேரு நிக்குது? இழுப்பறையில மல்லாந்து படுத்திருக்கே அந்தப் பறவை, அது மேல நிக்குது. நீ அதைக் கிளின்னு எழுதியிருந்தாலும் பேரு அதோட பேருதான். விசாரணைக்கு முன்னாடி புதுப் பேரு வந்தா, இத்தனை நாள் சட்டம் காப்பாத்தினது வேற பறவைன்னு உன் கம்பெனி வக்கீல் ஆரம்பிப்பான். அதுக்குத்தானே இந்தக் கரிசனம்? நல்லா இருக்கு, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற.

நான் யோசிக்கலைன்னு நினைக்கறியா? விதிப் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சேன். எங்கயாவது ஒரு சந்து கிடைக்காதா, அந்தப் பேரைக் கழட்டி எறிய முடியாதான்னு தேடினேன்... ஏன்னு கேக்கறியா? இன்னும் புரியலையா?

அந்தச் சீட்டுல எழுதறப்போ எப்படி எழுதுவோம்? துணையினத்தோட பேரு, அடுத்து அதை வச்சவன் பேரு. சேர்த்துப் படி... வாய் விட்டுப் படி... கோரலியே ட்ராஸ்க்.

ஆமா. அந்த ட்ராஸ்க்கை பேங்குல மாத்தினேன், லைசென்ஸ்ல மாத்தினேன், வாசல் பலகையில இருந்து கத்தியால சுரண்டி எடுத்தேன். நீதிபதி பிரிச்சு வச்சாரு. ஆனா இழுப்பறையைத் திறக்கறப்பெல்லாம் நான் உன் பொண்டாட்டியாவே படுத்திருக்கேன், வெண்டல். உடம்பெல்லாம் எரியும் எனக்கு. போன மாசம் பஞ்சு மஞ்சளானப்போ ஒரு நிமிஷம் நினைச்சேன். இதோட வாயை மூடிக்கிட்டா போதும், நீயே வியாழக்கிழமை போய் அதைக் குழி தோண்டிப் புதைச்சுடுவ, எனக்கு விடுதலைன்னு. அப்புறம் அந்தக் காடு நினைப்பு வந்துச்சு. காலங்காத்தால அதுங்க போடற கூச்சல் நினைப்பு வந்துச்சு. உன் மேல இருக்கற கடுப்புக்கு அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?

அதனால வரேன். வியாழக்கிழமை நானும் வரேன். நீ "இல்ல"ன்னு சொல்லி முடிச்ச கையோட நான் "இருக்கு"ன்னு சொல்லுவேன்... தாராளமா சொல்லிக்கோ, "முன்னாள் மனைவி, பழி வாங்கறா"ன்னு. பழி வாங்கறவளா உன் பேரைத் தன் பேரோட சேர்த்துக் கட்டிக் காப்பாத்துவா?... என்ன?... என்ன, உனக்கு நெகிழ்ச்சியா இருக்கா? சீ, ஃபோனை வை! நெகிழறதுக்கு ஜாஸ்லின்கிட்ட போ... நான் ஒண்ணும் உனக்காக... ஹலோ?... ஹலோ?

வச்சுட்டான். நோலீன், அந்தப் பேனாவை எடு. வியாழக்கிழமைக்குக் கொண்டு போற ஃபோட்டோவுக்குக் கீழ பேரு எழுதணும்... கோரலியே. ஆமா... அடுத்தது ட்ராஸ்க்... என் முகத்தை என்ன பார்க்கற? எழுது. அதை விட்டா செல்லாது.