பச்சை அம்பு

எங்கள் சோதனைக்கூடத்தில் வெந்நீர்த் தொட்டியைத் துடைப்பதில் என்னைப் போல ஒருவர் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. தொட்டி சரியாகத் துடைக்கப்படாததால் தற்செயலாக நேர்ந்த பிழை என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அன்று மதியம் டெக்னீஷியன் சாப்பிடப் போன நேரத்தில் தொட்டி என் பொறுப்பில் இருந்தது. சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

உங்களில் ஒருவர் சட்டம், ஒருவர் நிர்வாகம் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நோயாளியிடமிருந்து கிள்ளியெடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, அந்தச் சீவலை வெந்நீரில் மிதக்கவிடுவோம். சுருக்கம் நீங்கியதும் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தியெடுத்து, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். ஒருவருடையதை எடுத்தபின் தண்ணீரின் மேற்பரப்பைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவருடையதை விட வேண்டும். இல்லாவிட்டால் முந்தையவரின் துணுக்கு மிதந்துவந்து அடுத்தவர் ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளும். புற்றுநோய் இல்லாதவருக்குப் புற்றுநோய் வந்துவிடும். ஸ்லைடில் மட்டும்தான். ஆனால் எங்கள் தொழிலில் ஸ்லைடில் வந்தால் வந்ததுதான்.

எங்கள் துறைத் தலைவரைப் பெரியவர் என்போம். "மத்த டாக்டருங்க எல்லாம் வக்கீலுங்க. நாமதான் ஜட்ஜு" என்று நோய்க்கூறியலின் முதல் வகுப்பிலேயே அறிவித்துவிடுவார். என் மச்சான் வேறு மாதிரி சொல்வார். அக்கா வீட்டில் தங்கித்தான் மேல்படிப்பு படிக்கிறேன். "ஏன் மாப்ள, தலவலிக்கு ஒரு மாத்திர சொல்லத் தெரியல, நீ என்ன டாக்டரு?" என்பார். அக்கா பரிமாறிக்கொண்டே, "கொஞ்சம் பொறுங்க, நீங்க செத்ததும் நல்லாப் பாப்பான்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்கிற ஆளுக்குப் பொறாமை இருக்காது என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

பெரியவரின் அறையில் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கும் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. உள்ளே ஒரு பச்சை அம்பு ஒளிரும். அதை நகர்த்தும் குமிழ் பெரியவருக்கு வலப்பக்க நாற்காலியில் இருப்பவர் கையில். பெரியவர் பேசுவார், அந்த மாணவர் அம்பை நகர்த்தி நோயைக் காட்டுவார். மற்ற நால்வரும் அம்பு போகிற வழியே கண்ணை ஓட்டுவார்கள். ஒரு வருஷம் அந்த நாற்காலி என்னுடையது. பிறகு ஒரு ஜூனியர் வந்தாள்.

அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்தவர் பெரியவர். கழுகுக்கண்ணாம். முதலில் அவள், "அண்ணா உக்காருங்க, உங்க எடம்" என்று எழுந்தாள். பெரியவர்தான், "நீ உக்காரும்மா. அவன் எங்க உக்காந்தா என்ன" என்றார். எனக்குக் கடைசி நாற்காலி கிடைத்தது. ஐந்தாவது ஆளுக்கு வெளிச்சம் வந்து சேர்வதற்குள் பாதி மங்கிவிடும். அதையும் நான் குறையாகச் சொல்லவில்லை.

என் கவலை துறையைப் பற்றியது. "கழுகு பாத்தாச்சா? அப்ப சரி" என்று பெரியவர் ஸ்லைடைத் தொடாமலே கையெழுத்துப் போட ஆரம்பித்தார். வழக்கைப் படிக்காமல் தீர்ப்பு எழுதும் ஜட்ஜு. ஒருவர் கண்ணை இந்த அளவுக்கு நம்புவது ஆபத்து என்பதை யாராவது நிரூபித்துக் காட்ட வேண்டியிருந்தது.

சந்தையில் ஏலம் கூவுகிறவர் ஒருவர் நாக்கில் ஆறாத புண்ணோடு வந்தார். உடைந்த கடைவாய்ப்பல் உரசி உரசி வந்தது. அதிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து எங்களுக்கு அனுப்பினார்கள். பார்க்கும் பொறுப்பு கழுகுக்கு. அன்றே வேறொருவரின் நாக்குப் புற்றும் மெழுகுக் கட்டியாக என் மேஜையில் இருந்தது. முதலில் தொட்டியைத் துடைத்தேன். ஏலக்காரரின் சீவலை மிதக்கவிட்டேன். மற்றதிலிருந்து சீவியதில் ஒரு துணுக்கை மெல்லிய தூரிகை நுனியில் எடுத்து, இதன் விளிம்போடு அணைத்துவிட்டேன். கைதேர்ந்த தையற்காரர் போட்ட ஒட்டு மாதிரி பொருந்தியது. சாயமேறியதும் எனக்கே பிரித்துப் பார்க்கச் சிரமமாக இருந்தது. அழகாக இருந்தது.

மாலையில் அவளே ஸ்லைடை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, ஒரு தடவ பாருங்களேன். புத்துதான், தெரியுது. ஆனா இந்த ஓரத்துல மட்டும் இருக்கு. மனசு ஒப்பல."

"கழுகுக்கே சந்தேகமா?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணா. மெழுகுக் கட்டிய இன்னும் ஆழமா வெட்டிப் பாக்கலாமா?"

வெட்டியிருந்தால் அடுத்த சீவலில் புற்று இருந்திருக்காது. விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அது எனக்குத் தெரியும்.

"துண்டே இத்துனூண்டு" என்றேன். "இன்னும் வெட்டுனா ஒண்ணும் மிஞ்சாது. அப்புறம் பெரியவர், கழுகுக்குக் கண்ணு மங்கிடுச்சாம்மான்னு கேப்பாரு. நீ எழுது. அதான் நான் பாத்துட்டேன்ல."

"நீங்க பாத்துட்டா நிம்மதிண்ணா."

எழுதினாள். பெரியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். ஏலக்காரரின் நாக்கில் பாதியை வெட்டியெடுத்தார்கள்.

வெட்டியெடுத்த பாதி எங்கள் மேஜைக்கே வந்தது. எங்கு தேடியும் புற்று இல்லை. பல் உரசிய புண், அவ்வளவுதான். இனி அவள் பாடு திண்டாட்டம் என்று நான் பொறுமையாகக் காத்திருந்தேன். அவளோ பழைய ஸ்லைடை வைத்துக் குவியத்தைத் திருகித் திருகிப் பார்த்தாள். மிச்ச மெழுகையும் சீவிப் பார்த்தாள். பிறகு நேரே பெரியவரிடம் போனாள்.

"சார், அந்தத் துணுக்கு இவரோடது இல்ல. மத்த சதைக்கு ஒரு மயிரிழை மேல நிக்குது. வேற யாரோடதோ வந்து ஒட்டியிருக்கு. நான் ஆழமா வெட்டியிருக்கணும். தப்பு என்னோடது."

நான் பார்த்துச் சரி சொன்னதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றினாளாம். அந்தப் பெருந்தன்மையை நான் கேட்கவில்லை.

அடுத்த வகுப்பில் பெரியவருக்குக் குரல் தழுதழுத்தது. "தன் தப்பத் தானே கண்டுபிடிக்கிற கண்ணு இருக்கே, அது ஆயிரத்துல ஒண்ணு" என்றார். தன் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அவள் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அப்போதும் குமிழ் அவள் கைக்கருகில்தான் இருந்தது.

ஒரு நாள் ஏலக்காரர் மனைவியோடு வந்தார். கழுகு வராந்தாவில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மனைவிதான் பேசினார். "இவரு கூவுனா சந்த வாசல்ல நிக்கிற லாரிக்காரனுக்கும் கேக்கும்மா. இப்ப தண்ணி கேட்டா எனக்கே புரியல." அவர் ஏதோ சொல்ல முயன்றார். ஈரமான ஒரு சத்தம் வந்தது. சொல்வதை விட்டுவிட்டுக் கழுகின் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என்னை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அவர் விஷயத்தில் என் உழைப்பு அவளுடையதைவிட அதிகம்.

டெக்னீஷியனை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறீர்கள். பாவம், பிள்ளைகுட்டிக்காரர். அவருக்காகத்தான் நான் பேச வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தற்செயல் என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். தற்செயலுக்கு அவ்வளவு நேர்த்தி வராது. அந்தத் துணுக்கை வைத்தவன் நான். ஆழமாக வெட்டவிடாமல் தடுத்தவனும் நான். நான் சொல்வதைச் சரிபார்க்க அந்த ஸ்லைடைப் பெரியவரின் மைக்ரோஸ்கோப்பில் போட்டு எல்லாருமாகப் பார்ப்பீர்கள். அப்போது அவளைக் கடைசி நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். அம்பை நான் பிடித்துக்கொள்கிறேன்.