முள் ஐம்பதில் இருந்தது

கியர்பாக்ஸ் மாற்றுவதைப் பெரிய வேலை என்று நினைக்கிறார்கள், மேடம். முதுகு வலிக்கும், அவ்வளவுதான். மாற்றி முடித்த பிறகு ஸ்பீடோமீட்டரை ஓட வைப்பதில்தான் எந்த மெக்கானிக்கும் மாட்டிக்கொள்வான். வண்டி ஜோராக ஓடும், முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்திருக்கும்.

உங்கள் ஸ்டேஷன் நோட்டில் நீங்கள் கன்னடத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நான் தமிழில் சொல்கிறேன். எனக்குக் கன்னடம் வரும். இதைச் சொல்லத் தமிழ்தான் வசதி.

என் பெயர் சம்பங்கி. பழைய தங்கச் சுரங்கம் இருந்த நந்திதுர்க்கில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். பாஸ்கரனுக்கு ராபர்ட்சன்பேட்டை பஜாரில் பாத்திரக்கடை, அவன் அப்பா காலத்துக் கடை. நாங்கள் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் வீட்டு வண்டி எதுவானாலும் என் ஷெட்டுக்குத்தான் வரும். போன மாதம் அவனுடைய ஆட்டோமேட்டிக் கார் வந்தது. கியர்பாக்ஸ் செத்துவிட்டது, அதே மாதிரி பாக்ஸ் பெங்களூரில் தேடியும் கிடைக்கவில்லை. மேனுவல் போட்டுவிடு என்றான். பழைய இரும்புக் கடையில் ஒன்று இருந்தது, வாங்கி வந்து போட்டேன். கிளட்ச் பெடல், கியர் ராடு எல்லாம் சேர்த்து.

அவன் கேட்டது ஒன்றுதான். முள் வேலை செய்யாமல் வண்டியைக் கொடுக்காதே என்றான். போனிலும் சொன்னான், நேரிலும் வந்து சொன்னான். முள் என்றால் அவனுக்கு ஒரு பயம். அது ஏன் என்று சொல்லாவிட்டால் மீதி உங்களுக்குப் புரியாது.

எங்களுக்குக் கல்யாணம் ஆகாத காலம். அவன் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு இதே பேத்தமங்களாவுக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். விடிகிற நேரம், லேசாகத் தூறல். சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது. ஓட்டினது பாஸ்கரன். அவனிடம் லைசன்ஸ் இல்லை, என்னிடம் இருந்தது. அவனுக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். சாலை ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ ஓட்னன்னு சொல்டா. லைசன்ஸ் கீறதால ஃபைனோட போயிடும். சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்."

சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

கோலார் கோர்ட்டில் அவன் சாட்சி. நாய் குறுக்கே வந்தது என்று சொல்வான் என்றுதான் பேச்சு. கூண்டில் ஏறிய பிறகு அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை. "முள்ளு தொண்ணூறுல இருந்துச்சி, நான் பாத்தேன். மெதுவா போடான்னு எவ்ளோ சொன்னேன், கேக்கல," என்றான். என்மேல் பழி எவ்வளவு அழுத்தமாக விழுகிறதோ அவ்வளவு அவன்மேல் சந்தேகம் வராது என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஃபைனோடு போக வேண்டியது ஜெயிலில் போய் முடிந்தது.

பொய் சொல்லக் கூடாது. நான் உள்ளே இருந்தபோது என் அம்மா மணியம்மாளை அவன் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். அரிசி, மாத்திரை, கண் ஆபரேஷன், எதிலும் குறை வைக்கவில்லை. அவள் போனபோது எனக்குப் பரோல் கிடைக்கவில்லை. கொள்ளி வைத்தது அவன். எங்கள் சுரங்க லைன் வீடுகளில் இன்றைக்கும் அதைச் சொல்லுவார்கள், சிநேகிதன் என்றால் பாஸ்கரன் மாதிரி இருக்கணும் என்று.

அம்மா ஒருமுறைதான் ஜெயிலுக்கு வந்தாள். கம்பி வலையில் விரலை மாட்டிக்கொண்டு நின்றாள். "அவ்ளோ வேகம் இன்னாத்துக்குடா உனக்கு?" என்று கேட்டாள். வாக்கு கொடுத்திருந்ததால் நான் பேசவில்லை. சாகும் முன்னாவது பாஸ்கரன் அவளிடம் உண்மையைச் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். படுத்த படுக்கையாக இருந்தவள் போலீசிடமா போகப் போகிறாள். வெளியே வந்ததும் முதலில் அவனிடம் அதைத்தான் கேட்டேன். சொல்ல நேரம் வரவில்லை என்றான்.

அதற்குப் பிறகும் நான் அவனோடு பழகாமல் இல்லை. அவன் மகள் அனுப்ரியாவின் காதுகுத்துக்குப் போனேன். அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஸ்கூட்டி முதல்முறை பஞ்சரானபோது தள்ளிக்கொண்டு என் ஷெட்டுக்குத்தான் வந்தாள். எனக்குக் கோபம் இருந்தது என்று நீங்கள் எழுதினால் அது சரியாக இருக்காது.

வேலைக்கு வருகிறேன். கியர்பாக்ஸில் ஒரு சென்சார் இருக்கும், அதுதான் வேகத்தை முள்ளுக்குச் சொல்லும். இரும்புக் கடைப் பாக்ஸில் இருந்தது வேறு மாதிரி, ஒயர் சேரவில்லை. பழைய பாக்ஸின் சென்சாரைக் கழற்றி இதில் மாட்டினேன். ஒயரை இழுத்து இணைத்தேன். முள் எழுந்து துள்ளியது. ஆனால் கணக்கு தப்பாக இருந்தது. சென்சாருக்கு அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் உண்டு. பல் கூடினால் சக்கரம் மெதுவாகச் சுற்றும், முள் குறைத்துக் காட்டும். என்னிடம் சில சக்கரங்கள் இருந்தன. செல்போனில் வேகம் காட்டுகிற ஆப் இருக்கிறதல்லவா, அதைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒரு சக்கரத்தில் முள் ஐம்பது காட்டினால் வண்டி எழுபதில் போனது. இன்னொன்றில் போனும் முள்ளும் ஒன்றாக நின்றன. சரியானதையே மாட்டி முடித்து, வண்டியைக் கழுவியும் வைத்தேன்.

வண்டி எடுக்க அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். பாஸ்கரன் பானட்டைத் தட்டிப் பார்த்தான், சந்தோஷமாக இருந்தான். அப்புறம் என் தோளில் கை போட்டுக்கொண்டு மகளிடம் பேசினான்.

"சம்பங்கி மாமா கீறாரே, வயசுல முள்ள பாக்காம ஓட்டி ஒரு உசுரு போச்சி. ஜெயிலுக்கும் போனாரு. பக்கத்துல உக்காந்து நான் கத்துறேன், கேக்கல. அதான் சொல்றேன், கண்ணு முள்ளு மேலயே இருக்கணும்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன், மேடம். பொய் சொல்கிறவன் முகம் அது இல்லை. அவன் ஞாபகத்தில் அன்றைக்கு ஓட்டியது நான்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி அப்படியே ஆகிவிட்டது. கோர்ட்டில் சொன்னதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். அப்போது அவனுக்கு உண்மை தெரியும். அதைத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேராவது இருந்தோம்.

அந்தப் பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "நீங்க வேணும்னே பண்ல இல்ல மாமா. வயசுல எல்லாரும் அப்படித்தான், விடுங்க," என்றாள்.

என்னை மன்னித்துவிட்டாள்.

ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றேன். போனார்கள். சென்சார் ஒரே போல்ட்தான், மேலிருந்தே கழற்றலாம். சக்கரத்தை மாற்றினேன். அவர்கள் டீக்குச் சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

அனு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள். கியர் மாற்றும்போது நாக்கை லேசாகக் கடித்துக்கொள்வாள். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குப் பக்கத்து நேர் ரோட்டில் கொஞ்சம் மிதித்துவிட்டு, "சத்தம் ஜாஸ்தியா கீது மாமா. வேகமா போற மாதிரியே தோணுது," என்றாள்.

"மேனுவல் அப்படித்தான்மா," என்றேன். "காத நம்பாத. முள்ள நம்பு."

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஏரி பார்க்க இங்கே வந்தார்கள். மழை பெய்து விட்டிருந்தது. கரைக்கு முந்தின வளைவில் என்ன நடந்தது என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும், டயர் தடத்தை அளந்தது நீங்கள். வண்டி புளியமரத்தில் மோதியது அவள் உட்கார்ந்திருந்த பக்கம். பாஸ்கரனுக்கு விலா எலும்பும் கையும்தான் முறிந்தது.

அனுவின் காரியம் முடிந்த மறுநாள் கையில் கட்டோடு ஷெட்டுக்கு வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு சொன்னான். "முள்ளு ஐம்பதுல இருந்துச்சிடா. நான் பாத்துக்கினே வந்தேன். போலீசு எழுபதுன்றாங்க. கொழந்த தாறுமாறா ஓட்டுச்சின்னு பஜார்ல பேசறாங்க. நேத்ராவே என்ன நம்பல. நீ நம்புறியா?"

நேத்ரா அவன் மனைவி.

நம்புகிறேன் என்று சொன்னேன். அவன் என் மடியில் தலையை வைத்து அழுதான். அவனைத் தடவிக் கொடுத்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இவனுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. நான் எதுவும் சொல்லாவிட்டால் கடைசிவரை வராது. தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு செத்துப்போவான், ஏன் என்று தெரியாமலே. அது நியாயம் இல்லை. அந்தப் பெண்ணின் பேரும் கெடக் கூடாது. அதனால்தான் நானாகவே வந்தேன். வண்டி உங்கள் காம்பவுண்டில்தான் நிற்கிறது. சென்சாரைக் கழற்றிப் பல்லை எண்ணிப் பாருங்கள்.

பாஸ்கரனைக் கொல்லத்தான் செய்தாயா என்று கேட்டீர்கள். இல்லை, மேடம். அவன் அந்த வண்டியை ஓட்டவே முடியாது. போன வருஷம் இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனது, அதற்குப் பிறகு கால் மடங்குவதில்லை. கிளட்ச் மிதிக்க வராது. ஆட்டோமேட்டிக் வாங்கியதே அதனால்தான். மேனுவல் போடச் சொன்னது மகளுக்காக. அவள் டிரைவிங் ஸ்கூலில் கற்றது மேனுவலில், அவளுக்குக் கோலாரில் வேலை கிடைத்திருந்தது. வண்டியைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கே இதையெல்லாம் என்னிடம் சொன்னான்.

சக்கரத்தை மாற்றும்போது ஸ்டியரிங்கில் யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்றும் தெரியும்.

அனுவுக்கு ஒரு கெடுதலும் நான் நினைக்கவில்லை. நல்ல பெண். பக்கத்தில் உட்கார்ந்து அவன் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.