வீட்டில் பறவை இல்லை

கோழி வளர்ப்பவனை யாரும் கேள்வி கேட்பதில்லை. முட்டை தருகிறது, கறிக்கு ஆகிறது, சரி என்று விட்டுவிடுவார்கள். கொக்கட்டைல் வளர்ப்பவனிடம்தான் “இதால என்ன பிரயோசனம்?” என்பார்கள். பதினொரு வருடமாக இதற்குப் பதில் சொல்லி அலுத்துப்போனவன் நான். நேற்று உங்கள் கொன்ஸ்டபிளும் அதையே கேட்டார். அதனால்தான் பேசுவதைவிட எழுதித் தருவது நல்லது என்று தாளும் பேனையும் கேட்டு வாங்கினேன்.

என் பெயர் சுதாகரன். வயது நாற்பத்தாறு. ஊர் களுதாவளை. பாடசாலை ஒன்றில் ஆய்வுகூட உதவியாளராக இருக்கிறேன். என் மனைவி மேனுகா போன புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தாள். நுரையீரல் வேலை செய்யாமல் போய்விட்டது. நான்தான் அவளைக் கொன்றேன் என்று அவளுடைய அக்கா கண்ணகை உங்களிடம் முறைப்பாடு தந்திருக்கிறார். நான் மேனுகாவை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. பக்கத்து வீடுகளில் விசாரித்துப் பாருங்கள்.

கொக்கட்டைல் என்பது தலையில் கொண்டை உள்ள சிறிய கிளி. அதன் உடம்பிலிருந்து வெள்ளையாக ஒரு தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். சுகமான பறவை என்றால் கூடுதலாக உதிரும். காலையில் துடைத்த டிவியில் பின்னேரம் விரலால் பெயர் எழுதலாம். மேனுகா ஒரு நாளைக்கு இரண்டு தரம் துடைப்பாள். என்னிடம் நாற்பது பறவைகளுக்கு மேல் இருந்தன.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். முழு வெள்ளையில் ஒரு பறவை. கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு இருக்கக் கூடாது, கொண்டையில் மஞ்சள் இருக்கக் கூடாது, கண் சிவப்பாக இருக்க வேண்டும். வாங்கலாமே என்பார்கள். யாரும் வாங்கலாம். நான் சேர்த்த சோடியில், என் கூட்டில் அது பொரிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்காக முயன்ற முதல் வருடம் முட்டை எல்லாம் கூழாகிப்போனது. அடுத்த வருடம் சாரைப் பாம்பு வலைக்குள் புகுந்தது. அதற்கு அடுத்த மாரியில் வாவி பெருகித் தண்ணீர் முற்றம் வரை வந்து, பேடுகள் குளிரில் முட்டையை விட்டு எழும்பிவிட்டன. அதோடு கூடுகளை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். எங்கள் படுக்கையறைக்கு அடுத்த அறை.

நான்காவது வருடம் ஒரு வெள்ளைக் குஞ்சு பொரித்தது. தாய் ஊட்டவில்லை. நானே கூழ் கரைத்து, வெப்பமானி வைத்துப் பார்த்து, சிரிஞ்சால் ஊட்டினேன். கூழ் மூச்சுக்குழலுக்குள் போய் அது என் உள்ளங்கையிலேயே செத்தது. ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடம் ஒரு சொட்டு அமிலம் சிந்தாத கை இது. அந்தக் கை எனக்குச் செய்த துரோகம் அது.

மேனுகாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. குஞ்சை முகத்துக்குக் கிட்டே தூக்கிவைத்து நாக்கால் மெல்ல ஒரு சத்தம் வைப்பாள். அது கழுத்தை நீட்டி வாயைத் திறக்கும். அறுபது எழுபது குஞ்சுகளை அப்படி வளர்த்திருக்கிறாள். ஒன்றுகூடச் சாகவில்லை. அவளை நான் கட்டாயப்படுத்தவில்லை. அவளுக்கு அதில் விருப்பம் இருந்தது.

எல்லாம் சரிவரத் தொடங்கிய நேரத்தில்தான் அவளுக்கு இருமல் வந்தது. நான் இதை எரிச்சலோடு எழுதுவதாக நீங்கள் நினைத்தால் அது சரிதான். சளி இல்லாத வறட்டு இருமல். பின்னேரங்களில் காய்ச்சல். பிறகு கிணற்றடியில் இருந்து குசினிக்கு வருவதற்குள் ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். ரவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். டொக்டர் நிஸ்மியா நல்ல மனுஷி. அவசரப்படாமல் கேட்டார்.

“வீட்டில பறவை ஏதும் வளர்க்கிறீங்களா? புறா, கிளி, லவ் பேர்ட்ஸ்?”

“இல்ல டொக்டர்” என்றேன்.

“கோழி?”

“கோழியும் இல்ல.”

இரண்டாவது பதில் உண்மை.

“அப்ப நெல்லுத் தூசு? வைக்கல்?”

“ஓம் டொக்டர். இவட அக்காட வீடு சித்தாண்டியில, வயல் வட்டைக்குப் பக்கத்தில. அடிக்கடி போய் வாறவ.”

நெல் தூசாலும் நுரையீரல் இப்படி வீங்கும் என்று சொன்னது அவர்தான். நான் எதையும் கற்பனை செய்யவில்லை. அவர் தந்த காரணத்தை ஏற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். வயல் பக்கம் போக வேண்டாம், வீட்டுக்குள் தூசு வர விடவேண்டாம் என்று சொல்லிக் குளிசை எழுதினார். நான் ஜன்னல்களைப் பூட்டி, இடுக்குகளை டேப் போட்டு ஒட்டினேன். மூன்று நாள் வேலை. பார்க்க வந்த கண்ணகை அக்கா, “இப்பிடிப் பாக்கிற புருஷன் ஆருக்குக் கிடைக்கும்?” என்று தங்கையிடம் சொன்னார். முறைப்பாட்டில் அதை அவர் சேர்த்திருக்க மாட்டார்.

குளிசைக்குக் கொஞ்சம் குறைந்தது. பிறகு கூடியது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் மறுபடியும் பறவை பற்றிக் கேட்டார். பறவை இருக்கிற வீடென்றால் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார். இல்லை என்றேன். ஒரே கேள்வியை எத்தனை தரம் கேட்பது?

போன தைப்பொங்கல் நேரம் என் நல்ல சோடி ஐந்து முட்டை இட்டது. பக்கத்து அறையில் மேனுகா இருமும்போதெல்லாம் பேடு பயந்து முட்டையை விட்டு எழும்பியது. ஆகவே கொஞ்ச நாள் அக்காவோடு நின்றுவிட்டு வரட்டும் என்று நானே சித்தாண்டிக்கு அனுப்பிவைத்தேன். வெள்ளாமை வெட்டுக்கு முன் கூட்டிவந்துவிடுவேன் என்று அக்காவிடம் சொன்னேன். வீடு அமைதியானது. இருபதாம் நாள் ஒரு முட்டை வெடித்தது. மற்றக் குஞ்சுகள் மஞ்சள் பூமயிரோடு பொரிக்கும். இதற்கு வெள்ளை. மூடியிருந்த இமைக்குள் கண் சிவப்பாகத் தெரிந்தது. வயது வந்த மனிதன், நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

ஒன்பதாம் நாள் தாய் ஊட்டுவதை நிறுத்தியது.

காத்தான்குடி ஜிப்ரிக்கு ஃபோன் செய்தேன். அவரும் பறவை வளர்க்கிறவர்தான். “குஞ்ச இஞ்ச கொண்டு வாங்க தம்பி, என்ட வைஃப் ஊட்டுவா. இப்ப எங்கட்ட ஃபிஞ்ச் குருவி மட்டும்தான். அவவுக்கும் இருமல் வந்ததால கொக்கட்டைல் எல்லாத்தையும் குடுத்திட்டன். மறுக்கா இருமல் இல்ல. ஒரு குஞ்சுதானே, அவ மாஸ்க் போட்டு ஊட்டுவா” என்றார். நல்ல மனுஷன். ஆனால் அவர் வீட்டில் வளர்ந்தால் நாளைக்கு அது ஜிப்ரியின் பறவை என்றுதான் ஊர் சொல்லும். ஐந்து வருடம் பாடுபட்டது நான். ஃபோனை வைத்துவிட்டு வான் பிடித்துச் சித்தாண்டிக்குப் போனேன்.

கோயில் பக்கமிருந்து அக்காவும் மேனுகாவும் கதைத்தபடி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். மேனுகா எங்கும் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வட்டையில் வெட்டு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்கை முழுக்க நெல் தூசு. அவள் ஒரு தரம்கூட இருமவில்லை. அவளைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சுகத்தைப் பார்க்கப் பார்க்க மனம் பதறியது.

“வெட்டுத் தொடங்கிற்று அக்கா. நெல்லுத் தூசு கூடாதெண்டு டொக்டர் சொன்னவ. நான் கூட்டிப் போறன்” என்றேன்.

“இஞ்ச வந்துதானே தம்பி இவள் சுகமாகினவள்? இன்னும் ரெண்டு கிழமை நிக்கட்டுமே.”

“டொக்டர் சொன்னத மீறி ஏதும் நடந்தா ஆர் அக்கா பொறுப்பு?”

அக்கா மேனுகாவின் பையை எடுத்து வர உள்ளே போனார். மேனுகா, “குஞ்சு பொரிச்சிற்றாமே, எப்பிடி இருக்கு?” என்று கேட்டாள். கவனியுங்கள், அவளாகத்தான் கேட்டாள்.

மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஊட்டினாள். கூடு துப்புரவாக்கும்போது நான் மாஸ்க் போடுவது வழக்கம். அவள் ஊட்டும்போது போடவில்லை. முகம் தெரியாவிட்டால் குஞ்சு வாய் திறக்காது என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஐந்தாம் நாள் இருமல் திரும்பியது. பத்தாம் நாள் கட்டிலில் சாய்ந்திருந்து ஊட்டினாள். நான் குஞ்சைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், பிறகு வாங்கிக்கொள்வேன். ஒரு நாள் கேட்டாள்.

“எல்லாத்தையும் ஒரு மாசத்துக்கு ஜிப்ரி நானாட்ட குடுத்து வைப்பமா? எனக்கு மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு.”

“செட்டை முளைக்கட்டும், பாப்பம்” என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். குஞ்சுக்குச் செட்டை முளைத்தது. ஒரு நிற மயிர்கூட இல்லை.

பதினாறாம் நாள் அவளுடைய நகங்கள் நீலமாக இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வானுக்குள் வைத்து அவளுக்கு ஒரு விடயம் சொன்னேன். பறவை இருக்கிறதென்று சொன்னால் சுகாதாரப் பகுதி பீ.எச்.ஐ. ஆட்கள் வந்து பறவைக் காய்ச்சல் என்று அத்தனையையும் கொன்று புதைத்துவிடுவார்கள், குஞ்சையும்தான் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டில் டொக்டர் நிஸ்மியா இந்த முறை என்னைக் கேட்கவில்லை. ஒக்சிசன் மாஸ்கைக் கொஞ்சம் விலக்கி அவளிடமே கேட்டார். மேனுகா என்னை ஒரு தரம் பார்த்தாள்.

“இல்ல டொக்டர்” என்றாள்.

ஆகவே மூன்றாவது தடவை பதில் சொன்னது நானல்ல. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் தாதி அவளுக்குத் தலை வாரிவிடும்போது முடிக்குள் இருந்து ஒரு சின்ன இறகு விழுந்தது. வெள்ளை. என் நகத்தளவுதான் இருக்கும். டொக்டர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது என்ன?” என்றார். தலகணிப் பஞ்சு என்றேன். அவர் அதை ஒரு சின்னப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கண்ணகை அக்காவுக்கு ஃபோன் எடுத்திருக்கிறார். “பறவையா? வீடு நிறைஞ்ச பறவைதானே டொக்டர்!” என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு மருந்தை மாற்றினார்கள், மிஷினில் போட்டார்கள். மூன்றாம் நாள் விடிய அவள் இறந்தாள். அந்த மூன்று நாளும் டொக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். முதல் நாளே தெரியும். மருந்து எடுக்க வரிசையில் நிற்கும்போது, டொக்டர் ஏன் அப்படிக் கேட்டார் என்று ஃபோனில் தேடிப் பார்த்தேன். கொக்கட்டைல் என்ற பெயரே அதில் இருந்தது. நேரத்தோடு பறவையை வீட்டை விட்டு அகற்றினால் பலர் தேறிவிடுவார்கள், அகற்றாவிட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும் என்று போட்டிருந்தது. கடைசி வரி வரை வாசித்தேன். பிறகு என் முறை வந்தது, குளிசையை வாங்கிக்கொண்டு அவளைக் கூட்டிவந்தேன். அது நடந்து பதினான்கு மாதம்.

அவள் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. இன்னும் ஒரு பருவம் தாங்குவாள் என்று நினைத்தேன். என் கணிப்புப் பிழையாகிவிட்டது. ஆத்திரம் என்னவென்றால், இரண்டே இரண்டு கிழமையில்தான் தவறியது.

நான் எழுதிய அத்தனைக்கும் கையெழுத்து வைக்கிறேன். சட்டத்தரணி வேண்டாம். ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். குஞ்சுக்கு இன்றோடு முப்பத்தாறு நாள். இன்னும் தானாகத் தின்னப் பழகவில்லை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நானே கரண்டியால் பயந்து பயந்து ஊட்டிவந்தேன். நேற்று மத்தியானம் நீங்கள் என்னைக் கூட்டிவந்ததிலிருந்து பட்டினி கிடக்கிறது. கண்ணகை அக்காவைக் கூப்பிட்டு வீட்டுத் திறப்பைக் கொடுங்கள். மேனுகாவின் பொறுமை அப்படியே அவருக்கும் இருக்கிறது. முதலில் முடியாது என்பார், என் மேல் கோபம் இருக்கும். தங்கச்சி உயிரைக் கொடுத்து வளர்த்த குஞ்சு என்று சொல்லுங்கள், வருவார்.