இருபது புள்ளி ஒன்பது

உங்கள் அறையில் காற்று நன்றாக வருகிறது. நியூ டவுனில் எங்கள் ஆய்வகத்துக்கு ஜன்னல் கிடையாது.

எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் ரஞ்சன். எனக்குத் தெரிந்த வங்காள மொழி மீன்காரரிடம் வழி கேட்கப் போதும், இதற்குப் போதாது. தமிழில் எழுதுகிறேன். பவானிபூரில் இருக்கும் தமிழர்கள் யாராவது மொழிபெயர்த்துத் தருவார்கள்.

என் பெயர் ராஜாராமன். வேலைக்குச் சேர்ந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. நாங்கள் செய்துகொண்டிருந்தது செயற்கைக்கோளில் போகும் ஒரு கருவி. சூரியனிடமிருந்து பூமிக்கு வரும் வெப்பம் எவ்வளவு, பூமி திருப்பி அனுப்புவது எவ்வளவு என்று அது அளக்கும். சதுர மீட்டருக்கு முந்நூற்று நாற்பது வாட் வருகிறது. அதில் ஏறத்தாழ ஒரு வாட் திரும்பிப் போவதில்லை. உலகம் சூடாவது அந்த ஒரு வாட்டினால். அதைப் பிடிக்கத்தான் இத்தனை பாடு.

கருவியின் உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி இருக்கிறது. உள்பக்கம் கருப்புப் பூச்சு. விழும் ஒளியில் எவ்வளவை அது விழுங்குகிறது என்ற எண் சரியாக இருந்தால்தான் மற்ற எல்லா எண்ணும் சரியாக இருக்கும். போன மழைக்காலத்தில் அந்தப் பூச்சில் பூஞ்சை பிடித்தது. சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினோம். மறுபடி அளக்கப் பதினோரு நாள் ஆகும். நான் அளக்கவில்லை. பழைய எண்ணையே கமிட்டிக்குப் போகும் அறிக்கையில் எழுதினேன். அது பழைய பூச்சுக்குச் சரியான எண். களைப்பாக இருந்தேன், வேறொன்றுமில்லை.

என் கீழே வேலை செய்த நரேன் தானாகவே மறுபடி அளக்க ஆரம்பித்தான். முப்பத்துநான்கு வயது, டாக்குரியாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவனுக்கும் மாதங்கிக்கும் நடந்த கல்யாணத்துக்கு என் மனைவி காமு முறுக்கு சுற்றினாள். ஆயிரத்தில் மூன்று பங்கு வித்தியாசம் வருகிறது என்று கண்டுபிடித்தான். முந்நூற்று நாற்பதில் அது ஒரு வாட். நாங்கள் தேடியதே அவ்வளவுதான்.

புதன்கிழமை ஆய்வக வாசல் டீக்கடையில் மண்குவளையை ஊதிக்கொண்டே சொன்னான்.

"மாமா, நீங்களே கமிட்டிக்கு எழுதிடுங்கோ. நான் எழுதினா அசிங்கமா இருக்கும்."

"கருவி அடுத்த மாசம் கிளம்பறதுடா. இப்போ பிரிச்சா ராக்கெட் போயிடும்."

"போகட்டும். தப்பான நம்பரைப் பத்து வருஷம் சுத்த விடறதுக்கு, போகாமலே இருக்கலாம்."

"கொஞ்சம் டைம் குடு."

"நாலு மாசமா இதையேதானே சொல்றேள்? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். நாளைக்குக் கடைசி அளவு. நீங்களே கதவாண்ட நில்லுங்கோ மாமா. பின்னாடி யாரும் நான் கள்ளக் கணக்குப் போட்டேன்னு சொல்லப்படாது."

மரியாதையான பையன்.

கதவண்டை நிற்பது எங்கள் வழக்கம். அளவு எடுக்கும் தொட்டியைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர்விப்போம். அது ஆவியாகி அறையில் நிறைந்தால் பிராணவாயு குறையும். வாசனை இருக்காது, மூச்சு முட்டாது, தூக்கம் வருவதுபோல் இருக்கும். சுவரில் விசிறி அதை வெளியே தள்ளும். விசிறியின் சுவிட்சும், உள்ளே உள்ள பிராணவாயுவைக் காட்டும் மீட்டரும் கதவுக்கு வெளியே இருக்கின்றன. மீட்டரின் அலாரம் பூஜை விடுமுறையிலிருந்து பழுது. அதனால் நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே நிற்பவர் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதுவார். உள்ளே இருப்பவர் "ஆச்சி" என்பார். வங்காள மொழியில் அதற்கு 'இருக்கிறேன்' என்று பொருள். பிராணவாயு நூற்றுக்குப் பத்தொன்பதரைக்குக் கீழே போனால் வெளியே வந்துவிட வேண்டும்.

வியாழன் பதினொரு மணிக்கு நரேன் உள்ளே போனான். நான் விசிறியை நிறுத்தினேன்.

"மாமா, ஃபேன் நின்னுடுத்தா?"

"லோட் ஷெட்டிங். லைட்டு இன்வெர்ட்டர்ல எரியறது. இப்போ வந்துடும்."

"நம்பர் என்ன?"

"இருபது புள்ளி ஒன்பது."

"ஆச்சி."

இருபது புள்ளி ஒன்பது என்பது நல்ல காற்று. அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது முறை சிரித்தான். "நியூஸ் வாசிக்கற மாதிரியே இருக்கு மாமா. இன்னிக்கு மாதங்கி புளியோதரை கட்டியிருக்கா, உங்களுக்கும் சேர்த்து." எட்டாவது முறை "ஆச்சி" என்று சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது. பத்தாவது முறை வெறும் 'ஆ' மட்டும் கேட்டது. பதினோராவது முறை பதில் இல்லை. மேலும் நான்கு முறை சொன்னேன். பதில் வராவிட்டாலும் சொல்ல வேண்டும் என்பது விதி.

பிறகு விசிறியைப் போட்டேன். மீட்டர் ஏறும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கால் வலித்தது. நிஜமாகவே இருபது புள்ளி ஒன்பது வந்ததும் அதையும் ஒருமுறை சொல்லிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன்.

சாப்பாட்டு டப்பாவை மாதங்கியிடம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நீங்கள் விபத்து என்றுதான் எழுத இருந்தீர்கள். குறிப்பேட்டைப் பாருங்கள் என்று சொன்னது நான். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். இருபது புள்ளி ஒன்று, பதினெட்டு புள்ளி நான்கு, பதினாறு புள்ளி இரண்டு என்று கடைசியில் ஏழு புள்ளி ஆறு வரை, நிமிடத்தோடு, என் கையெழுத்தில் இருக்கிறது. வாயால் என்ன சொன்னாலும், எழுதும்போது மீட்டர் காட்டியதைத்தான் எழுதினேன்.

காமுவிடம் இதை மட்டும் சொல்லுங்கள். இந்த முப்பத்தோரு வருடத்தில் நான் ஒரு எண்ணைக்கூடத் தப்பாக எழுதியதில்லை.